களத்தில் கேட்டதெல்லாம் ஆய்வேட்டுக்கு ஆகுமா?

கேள்வி: எனக்கு மேலூர் பக்கம் கிராமம். மதுரையில் முழுநேர பிஎச்.டி. செய்கிறேன். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது, கோர்ஸ் ஒர்க் முடிந்துவிட்டது. போருக்குப் பிந்தைய கிழக்கிலங்கையில் தமிழ், முஸ்லிம் கிராமங்களுக்கு இடையிலான காணித் தகராறுகளும் சமரச முயற்சிகளும்தான் தலைப்பு. அமைதிப் பணி செய்யும் ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனம் மட்டக்களப்பில் பன்னிரண்டு மாத வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. நான் ஆய்வுக்கு எடுத்த அதே கிராமங்களில்தான் அவர்களுக்கும் வேலை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்குத் தோன்றுகிறது. கைடு வேண்டாம் என்கிறார், வீட்டில் பயப்படுகிறார்கள். உதவித்தொகையும் போகாமல், ஆய்வும் நிற்காமல் போய்வர வழி இருக்கிறதா? வேலையில் கிடைக்கும் தகவலை ஆய்வேட்டில் சேர்க்கலாமா? இரண்டு வாரத்தில் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இரண்டையும் செய்யலாம். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் செய்ய முடியாது. நேரமும் பணமும் எப்படியாவது சரிக்கட்டக்கூடியவை. அதே ஊரில் காலையில் நிறுவன ஊழியராகவும் சாயங்காலம் ஆய்வாளராகவும் உட்கார நினைக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். எதிரில் இருப்பவருக்கு நீங்கள் இப்போது யாராக வந்திருக்கிறீர்கள் என்பது தெரியாது. உங்கள் கைடு வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன பதில் பாதி சரி.

ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாலர் பாடசாலைக் கட்டடம், இரண்டு ஊர்க்காரர்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள். வயலுக்குப் போகும் பாதை யாருக்குச் சொந்தம் என்று பேச்சு. கூட்டம் கலைந்து தேநீர் கொடுக்கும்போது ஒரு அம்மா உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறார். 1990இல் அந்தக் காணியை விட்டு ஏன் கிளம்பினோம், யார் வந்து போகச் சொன்னது, திரும்பி வந்தபோது வேலிக்குள் யார் இருந்தார்கள் என்று மெதுவாகச் சொல்கிறார். காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் படுகொலை நடந்த வருடம் அது. தமிழ்க் கிராமங்களும் அதே மாதங்களில்தான் காலியாயின. உங்கள் மூன்றாவது அத்தியாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்காது.

ஆனாலும் அது உங்களுக்குச் சொந்தமில்லை. நிறுவனத்தின் அடையாள அட்டை மாட்டிய பெண்ணிடம், பாதையைத் திறக்க இவள் ஏதாவது செய்வாள் என்று நம்பி அவர் சொன்னது அது. ஆய்வேட்டில் அச்சாகும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்று உங்களுக்குத் தெரியாது, கேட்டால்தான் தெரியும். அன்றைக்கே, அதே இடத்தில் வைத்துக் கேட்டால் கிடைக்கும் 'சரி'க்கும் மதிப்பில்லை. உங்கள் நிறுவனம் அந்த ஊரில் கிணறு தூர்வாரவோ, தையல் பயிற்சி நடத்தவோ, பிரதேச செயலகத்தில் (நம்மூர்த் தாலுகா அலுவலகம் போன்றது) ஒரு மனுவைத் தள்ளிவிடவோ கூடியது என்றால், உங்களிடம் 'மாட்டேன்' என்று சொல்லும் தைரியம் யாருக்கும் வராது. அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வரும். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே என் முதல் யோசனை: வேலை பார்க்கும் ஊரும் ஆய்வு ஊரும் ஒன்றாக இருக்க வேண்டாம். வேலை மட்டக்களப்பு என்று நிறுவனம் முடிவு செய்துவிட்டது, அதை உங்களால் மாற்ற முடியாது. ஆய்வுக் கிராமங்களை மாற்றலாம். அம்பாறைக் கரையோரத்திலும் இதே வகைக் காணித் தகராறுகள் உண்டு. தலைப்பில் 'கிழக்கிலங்கை' என்றுதான் போட்டிருக்கிறீர்கள், அதைத் தொட வேண்டியதில்லை. சினாப்சிஸில், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில், களம் பற்றிய பகுதியை மட்டும் திருத்தி, உங்கள் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டியில் ஒப்புதல் வாங்கினால் போதும்.

அப்படியானால் வேலையால் ஆய்வுக்குப் பிரயோசனமே இல்லையா? நிறைய உண்டு. ஒரு காணித் தகராறு கிராம உத்தியோகத்தரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும் அங்கிருந்து மத்தியஸ்த சபைக்கும் எப்படி நகர்கிறது, எந்த மேசையில் எத்தனை மாதம் தூங்குகிறது என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம், நிறுவனம் வெளியிட்ட அறிக்கைகள், அரசு சுற்றறிக்கைகள் ஆகியவற்றைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம். என்ன கேட்க வேண்டும், யாரிடம் முதலில் போகக் கூடாது என்ற விவேகம் வேலையில் வரும். அதை அம்பாறைக்கு எடுத்துப்போங்கள். ஆட்கள் சொன்ன கதைகளை எடுத்துப்போக வேண்டாம்.

மட்டக்களப்பில் யாராவது ஒருவரின் அனுபவம் ஆய்வுக்குத் தவிர்க்கவே முடியாதது என்றால் ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் மெதுவான வழி. வேலை ஒப்பந்தம் முடிந்து குறைந்தது மூன்று மாதம் போகட்டும். நிறுவன வண்டியில் போகாதீர்கள், அட்டை மாட்டாதீர்கள். ஒரே பக்கத்தில், அவர்கள் பேசும் தமிழில் எழுதிய தகவல் தாளைப் படித்துக் காட்டுங்கள். அதில் இருக்க வேண்டியவை: நீங்கள் இப்போது நிறுவனத்தில் இல்லை, எந்தப் பல்கலைக்கழகம், எதற்காகக் கேட்கிறீர்கள், இதனால் அவர்களின் காணி வழக்குக்கு நல்லதும் கெட்டதும் நடக்காது, மறுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, எந்தத் தேதி வரை 'நான் சொன்னதை எடுத்துவிடு' என்று சொல்லலாம். தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் போய்ப் பதில் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் கையெழுத்து வாங்குவதைவிட, பெயர் சொல்லாமல் வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்வது நல்லது. கையெழுத்துத் தாள்களின் கட்டே ஒரு பெயர்ப் பட்டியல்தான். அது யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது. வாய்மொழிச் சம்மதம் போதும் என்பதை முன்கூட்டியே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவில் காரணத்தோடு எழுதி ஒப்புதல் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். களம் முடித்து வந்தபின் வாங்கிய ஒப்புதலை எந்த நல்ல ஆய்விதழும் ஏற்காது.

ஆய்வாளர்கள் பலர் மறந்துபோகும் ஒரு விஷயம்: உங்கள் ஆய்வேடு இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தகராறின் மறுதரப்பும் படிக்கும், அந்த ஊர்ப் பொலிஸும் படிக்கும். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். 'ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை, வயது 63, இரு மகன்களை இழந்தவர்' என்று எழுதினால் அந்த ஊரில் அது ஒரே ஒருவர்தான், ஊருக்கே தெரியும். தொழிலை 'அரசு ஊழியர்' ஆக்குங்கள், வயதைப் பத்தாண்டு வரம்பில் சொல்லுங்கள், கிராமத்துக்குப் பதில் பிரதேச செயலகப் பிரிவைச் சொல்லுங்கள். அதன் பிறகும் அடையாளம் தெரிந்தால் அந்த மேற்கோளை எடுத்துவிட்டு, அதிலிருந்து நீங்கள் வந்த முடிவை மட்டும் எழுதுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) 'ஆதாரம் எங்கே' என்று கேட்டால், கைடு பார்த்து உறுதி செய்த குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது என்று சொல்ல முடிய வேண்டும்.

அந்தப் பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு. எந்தக் குறியீடு யாருடையது என்ற தாள் ஒரே ஒரு பிரதி, மதுரையில், துறையில் பூட்டிய அலமாரியில். அது உங்களோடு விமானம் ஏறக் கூடாது. குரல் பதிவுக்குக் கைபேசி வேண்டாம். கைபேசி தானாகவே கூகுள் கணக்குக்குப் பிரதி எடுத்து அனுப்பிவிடக்கூடும், அனுப்பியதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம். தனியாக ஒரு சிறு ரெக்கார்டர் வாங்குங்கள். அன்றன்றே மடிக்கணினியில் குறியாக்கம் செய்த கோப்பில் ஏற்றிவிட்டு ரெக்கார்டரில் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் நேர்காணல் வேண்டாம், வாட்ஸ்அப்பில் நன்றி சொல்வதும் வேண்டாம். நோட்டுப் புத்தகம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வேலைக்கு, வேலை முடிந்ததும் நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டியது. இன்னொன்று ஆய்வுக்கு. வேலை நேரத்தில் இரண்டாவதைத் திறக்காதீர்கள். நிறுவனம் பின்னால் கேள்வி எழுப்பினால் உங்களிடம் காட்ட ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

நீங்கள் தமிழ் பேசுகிறவர் என்பது பலம்தான், நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் தாய்மொழியும் தமிழ்தான், ஆனால் அவர்கள் தங்களைத் தனி இனமாகவே கருதுகிறார்கள். மதுரையிலிருந்து வந்த இந்துப் பெயர் கொண்ட ஒருவரை அவர்கள் எந்தப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். தமிழர் தரப்பிலும் உங்களை அன்போடு வரவேற்பார்கள் என்று உறுதியில்லை. 1987 முதல் 1990 வரை இந்தியப் படை அங்கே இருந்தது, ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அது நேற்று நடந்தது போலத்தான். இந்தியாவிலிருந்து வந்தவரிடம் சிலதைச் சொல்ல மாட்டார்கள், சிலதைக் கூட்டிச் சொல்வார்கள். இந்த விலகலை ஆய்வுமுறை அத்தியாயத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். கேள்விப் பட்டியலை மதுரைத் தமிழில் எழுதி எடுத்துப்போனால் முதல் நாளே திருத்த வேண்டியிருக்கும். 'பட்டா இருக்கிறதா' என்று கேட்டால் அங்கே விழிப்பார்கள், உறுதி, அனுமதிப் பத்திரம் என்றுதான் பேச்சு. இரு சமூகத்திலிருந்தும் ஒவ்வொருவரிடம் கேள்விகளைப் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அதே காரணத்துக்காகத்தான் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு மட்டும் நின்றுவிடாமல், ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒருவரை ஆலோசகராகக் கேளுங்கள் என்கிறேன்.

இனி நாள்கணக்கு. பதிவும் உதவித்தொகையும் ஒரே சமயத்தில் தொடங்கியதாக வைத்துச் சொல்கிறேன்.

இப்போது பதினெட்டாவது மாதம். இருபத்து நான்காவது மாதத்தில் ஜே.ஆர்.எஃப். முடிந்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) மதிப்பீடு வரும். குழு உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்த்துப் பரிந்துரைத்தால்தான் 37,000 ரூபாய் 42,000 ஆகும், மிச்ச மூன்று வருடமும் தொடரும். நீங்கள் இப்போதே கிளம்பினால் அந்த நேரத்தில் மட்டக்களப்பில் இருப்பீர்கள், காட்டுவதற்குக் கையில் அத்தியாயம் இருக்காது. உதவித்தொகை வாங்கும் பலரும் இடறும் இடம் இதுதான். ஆகவே அடுத்த ஆறு மாதம் மதுரையை விட்டு நகர வேண்டாம். இலக்கிய மீளாய்வு, நெறிமுறைக் குழு ஒப்புதல், ஒரு கட்டுரை ஆகியவற்றை முடித்து எஸ்.ஆர்.எஃப். வாங்குங்கள்.

இருபத்தைந்தாவது மாதத்திலிருந்து ஆறு மாதம் வேலை. பன்னிரண்டு இல்லை, ஆறு. உதவித்தொகைக் காலம் முழுவதிலும் சேர்த்து ஒரு வருடம் வரை கல்வி விடுப்பு உண்டு. ஆய்வோடு தொடர்புடைய வெளிநாட்டுப் பயணம் என்று கைடும் கமிட்டியும் எழுத வேண்டும். பயணச் செலவை யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தராது. நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் மாதங்களுக்கு உதவித்தொகை வாங்கக் கூடாது. ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். வாங்குகிறவர் வேறு சம்பளம் எதுவும் பெறக் கூடாது என்பது நிபந்தனை. மாதாமாதம் பல்கலைக்கழகம் இணையத்தில் உறுதி செய்தால்தான் பணம் வரும். 'நான் அங்கே இருந்தாலும் உறுதி போட்டுவிடுங்கள்' என்று அலுவலகத்தில் யாரையும் கேட்காதீர்கள், அவர்களே முன்வந்து செய்தாலும் தடுத்துவிடுங்கள். குடிவரவு முத்திரையும் வங்கிக் கணக்கும் ஒருநாள் ஒன்றாகப் பார்க்கப்படும், அன்றைக்குத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். வருடத்துக்கு 30 நாள் சாதாரண விடுப்பு தனியாக உண்டு. அதை இதில் கரைக்காமல் களத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து மூன்று மாத இடைவெளி. பிறகு பத்துப் பன்னிரண்டு வாரம் அம்பாறையில், ஆய்வாளராக மட்டும். அதற்குப் பின் மதுரையில் குறைந்தது பதினெட்டு மாதம். ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். முப்பது நேர்காணல், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் 45 மணி நேர ஒலி. ஒரு மணி ஒலியை எழுத்தாக்க ஆறு மணி நேரம் ஆகும், பேச்சுவழக்கு பழகாவிட்டால் எட்டு. ஆகக் குறைந்தது 270 மணி நேரம். ஒரு நாளைக்கு ஆறு மணி உட்கார்ந்தாலும் 45 வேலை நாள், பகுப்பாய்வு தொடங்கும் முன்பே. வெளியில் கொடுத்து எழுத்தாக்கலாமே என்று தோன்றும். குரலை வெளியாளிடம் கொடுப்பதற்குச் சம்மதம் வாங்கியிருக்கிறீர்களா என்பதைப் பாருங்கள். இப்படிக் கூட்டினால் ஐம்பத்து நான்கு மாதத்தில் முடிகிறது. உதவித்தொகையின் ஐந்து வருடத்துக்குள்ளும், யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிமுறையின் ஆறு வருட வரம்புக்குள்ளும் வருகிறது. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடம் உண்டு. அதைத் திட்டத்தில் சேர்க்காமல் வைத்திருங்கள். உடம்புக்கோ வீட்டுக்கோ ஏதாவது வந்தால் அது வேண்டியிருக்கும்.

இலங்கையில் இருக்கும்போதும் ஒவ்வொரு செமஸ்டரும் கமிட்டி முன் வர வேண்டும். முன்னேற்றம் திருப்தியில்லை என்று எழுதி, சொன்ன திருத்தத்தையும் நீங்கள் செய்யாவிட்டால், பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் இருப்பதால் வந்துபோவது பெரிய காரியமில்லை. வேலை ஒப்பந்தத்திலேயே அதற்கு ஐந்து நாள் விடுப்பு என்று போடச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்கு நிறுவனம் ஒப்புக்கொள்ளாது, பன்னிரண்டு மாதமும் இப்போதே கிளம்புவதும்தான் நிபந்தனை என்றால் மறுத்துவிடுங்கள். பகுதிநேரத்துக்கு மாறிவிட்டுப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். மாறினால் உதவித்தொகை நின்றுவிடும், நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், திரும்பி முழுநேரத்துக்கு வருவது எளிதில்லை. அமைதிப் பணி வேலைகள் அடுத்த வருடமும் வரும், முனைவர் பட்டத்தோடு போனால் இதைவிட நல்ல பொறுப்பு கிடைக்கும். அதுவரை அந்தத் துறையோடு தொடர்பு விட்டுப் போகாமல் இருக்க ஐ.நா. தொண்டர்கள் அமைப்பின் இணையவழிப் பணிகளைப் பாருங்கள். சம்பளமில்லை, வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கேட்க மாட்டார்கள், மதுரையில் உட்கார்ந்தே செய்யலாம். கைடுக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ரோட்டரி அமைதி ஃபெலோஷிப் பற்றி யாராவது சொல்லியிருந்தால், அது முதுகலைக்கும் சான்றிதழ்ப் படிப்புக்கும்தான், பிஎச்.டி.க்கு இல்லை.

இந்த ஆறு மாதத்தில் செய்யவேண்டிய படிப்பு பக்கத்திலேயே இருக்கிறது. தமுக்கம் காந்தி அருங்காட்சியக நூலகம், சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தில் காந்தியச் சிந்தனை, அமைதி அறிவியல் துறை. வினோபாவின் சாந்தி சேனை என்ற அமைதிப் படையிலிருந்து ஆயுதமில்லாமல் பொதுமக்களைக் காக்கும் இன்றைய முறைவரை ஒரு தொடர்ச்சி உண்டு. 2002இல் டெல்லி அருகே சூரஜ்குண்டில் கூடித் தொடங்கிய நான்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ் அமைப்பு தன் முதல் களப்பணியை 2003இல் இலங்கையில்தான் ஆரம்பித்தது. உங்கள் கோட்பாட்டு அத்தியாயத்துக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை மட்டும் அடுக்காமல் இந்தக் கிளையையும் எடுத்துக்கொண்டால் வேலை தனித்து நிற்கும்.

உசிலம்பட்டிப் பக்கத்து உத்தப்புரத்தையும் ஒரு முறை கோப்புகளோடு படித்துவிடுங்கள். தலித் மக்களைப் பிரித்து நின்ற தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. இரு தரப்பும் உடன்பாட்டில் கையெழுத்திட்டது 2011 அக்டோபரில். இடையில் மூன்று வருடத்துக்கு மேல். அந்தக் காலத்தில் யாராவது அங்கே காலாண்டு அறிக்கை எழுதியிருந்தால் 'முன்னேற்றம் இல்லை' என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுதியிருப்பார். நீங்கள் சேரப்போகும் நிறுவனமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எத்தனை கூட்டம், எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை என்று கேட்கும். கொடுத்துவிடுங்கள், அது வேலை. ஆனால் அந்த எண்களை ஆய்வேட்டில் அமைதியின் அளவுகோலாக வைத்தீர்கள் என்றால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே மடக்குவார். இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் எழுதிய அறிக்கையை நிறுவனம் இணையத்தில் போடும். அதே பத்திகளை நீங்களே ஆய்வேட்டில் ஒட்டினால் மென்பொருள் அதைத் திருட்டு என்றே காட்டும். எழுத்துத் திருட்டு பற்றிய யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி பத்து சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் ஆய்வேடு திரும்பி வரும். சொந்த எழுத்தானாலும் மேற்கோள் காட்டுங்கள், இல்லையேல் புதிதாக எழுதுங்கள்.

விசாவில் விளையாட வேண்டாம். சுற்றுலா அனுமதியில் போய் வேலை பார்ப்பதும் நேர்காணல் எடுப்பதும் இரண்டும் தப்பு. மாட்டினால் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள், உங்களோடு பேசியவர்கள் அங்கேயே இருப்பார்கள். வேலைக்கான வதிவிட விசாவை நிறுவனம் எடுத்துத் தர வேண்டும். பின்னால் ஆய்வுக்குப் போகும்போது அங்குள்ள பல்கலைக்கழகக் கடிதத்தோடு தனியாக விண்ணப்பியுங்கள். முன்னதை வைத்துப் பின்னதைச் செய்ய முடியாது.

பணத்தில் ஒன்றே ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். உங்கள் சம்பளமும் படிப்புக்கான உதவித்தொகையும் வெளிநாட்டிலிருந்து வந்தால் வெளிநாட்டு நன்கொடைகளைக் கட்டுப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் குறுக்கே வராது. ஆனால் 'நீங்கள் ஊருக்குத் திரும்பியதும் மதுரைக் கல்லூரி மாணவர்களுக்கு மூன்று நாள் அமைதிப் பயிற்சி நடத்துங்கள், செலவை உங்கள் கணக்குக்கே அனுப்புகிறோம்' என்று நல்லெண்ணத்தோடு கேட்பார்கள். அது நிகழ்ச்சிப் பணம், உங்கள் சம்பளம் அல்ல. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள அமைப்பு, டெல்லியில் எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளையில் இருக்கும் அதற்கான கணக்கில்தான் அதை வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த அமைப்பு அதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஊரில் உள்ள சின்ன டிரஸ்டின் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது வழி சொன்னால் நகர்ந்துவிடுங்கள். வருமான வரிக்கு, அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அங்கே வாங்கிய சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். அங்கே வரி பிடித்திருந்தால் ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டாரின் பயத்தைப் பேசித் தீர்ப்பதைவிடக் காகிதத்தில் தீர்ப்பது எளிது. நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலர் யார், ஊரில் கலவரம் என்றால் எங்கே கூட்டிப்போவார்கள், எத்தனை மணிக்கு ஒரு தடவை உங்களிடம் விசாரிப்பார்கள் என்பதை எழுதி அப்பா கையில் கொடுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தை நீங்களே படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் போர், கலவரம் இரண்டையும் விலக்கிவிடும். மருத்துவ வெளியேற்றமும் அதில் அடங்க வேண்டும். கிளம்பும் முன் ஐ.நா.வின் பி-சேஃப் பாதுகாப்புப் பயிற்சியை இணையத்தில் முடித்துவிடுங்கள், கட்டணமில்லை. களத்தில் ஒரு நாளைக்கு இரண்டு நேர்காணலுக்கு மேல் வேண்டாம். மகனைக் காணாத தாய் ஒருவரிடம் பேசிய மறுநாள் வேறு நேர்காணலே வேண்டாம். மூன்றாவது வாரத்தில் தூக்கம் கெடும்போது இதன் காரணம் புரியும்.

கைடிடம் 'போகட்டுமா' என்று கேட்டால் 'வேண்டாம்' என்றுதான் வரும். மேலே சொன்ன ஐம்பத்து நான்கு மாதக் கணக்கை ஒரே தாளில், எந்த மாதம் எந்த அத்தியாயம் அவர் மேசைக்கு வரும் என்று போட்டு எடுத்துப்போங்கள். மாணவி கிளம்பிப்போய்த் திரும்பாவிட்டால் கமிட்டியில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் ஆட்சேபம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நிறுவனத்துக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆறு மாத ஒப்பந்தம் முடியுமா, ஏழு மாதம் கழித்துத் தொடங்கலாமா, செமஸ்டருக்கு ஐந்து நாள் விடுப்பு உண்டா, ஒரு மாத முன்னறிவிப்பில் இரு தரப்பும் விலகலாமா, உங்கள் ஆய்வேட்டை அவர்கள் படித்துப் பார்க்க வேண்டும் என்றால் முப்பது நாளுக்குள், ஆட்களின் பாதுகாப்பையும் தகவல் பிழைகளையும் பற்றி மட்டும் சொல்லலாம், முடிவுகளை மாற்றச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு 'நாங்கள் அப்படியெல்லாம் செய்ய மாட்டோம், எழுத வேண்டியதில்லை' என்று பதில் வந்தால் எழுதித் தரச் சொல்லி மறுபடியும் கேளுங்கள். எழுத்தில் வரும்வரை பல்கலைக்கழகத்தில் விடுப்பு விண்ணப்பத்தைக் கொடுக்காதீர்கள்.